ஞாயித்துக்கிழமை ஸ்க்ரூடிரைவர் – 17: நூறு பர்சென்ட் பேட்டரி

போன வாரம் ரைஸ் குக்கரைப் பிரிச்சு மேஞ்ச கதை எழுதினேன். இந்த வாரம் கொஞ்சம் பெரிய ஆபரேஷன். கம்ப்யூட்டர் சமாச்சாரம்னாலே கொட்டாவி வருதுங்கிறவங்க இங்கேயே அப்பீட் ஆகிக்கலாம், கோவிச்சுக்க மாட்டேன் :-)

நேத்து ஹாஸ்டல் கிச்சன்ல உக்காந்து என் பழைய திங்க்பேட் டி480ல ஏதோ தட்டிக்கிட்டு இருந்தேன். இந்த செமஸ்டர் புதுசா வந்திருக்கிற சேலத்துத் தம்பி ஒருத்தன் டீ போட வந்தவன், ஸ்க்ரீனைப் பாத்துட்டு நின்னுட்டான். "அண்ணா, இது லெனோவா தானே? மேல ஆப்பிள் மெனு தெரியுது?"ன்னு மூடியை ஒரு தடவை, ஸ்க்ரீனை ஒரு தடவைன்னு மாத்தி மாத்திப் பாத்தான். ஹேக்கிண்டாஷ்டா தம்பின்னேன். விவரம் கேட்டான், சொன்னேன். கடைசியா, "என்கிட்ட டி490 இருக்குண்ணா. அந்த ஃபோல்டரை மட்டும் காப்பி பண்ணிக் கொடுத்துருங்க, போட்டுக்கறேன்"னான்.

அந்தக் கடைசி வரி இருக்கு பாருங்க, 2022 நவம்பர்ல நானும் அதையேதான் நினைச்சேன். அதுக்கு நான் கொடுத்த விலையைத்தான் இப்ப சொல்லப் போறேன்.

நான் சாக்சனிக்கு மாஸ்டர்ஸ் படிக்க வந்தது 2022 அக்டோபர். அப்ப ப்ளாக்டு அக்கவுண்ட்ல இருந்து மாசத்துக்கு 861 யூரோ வரும். வாடகை, இன்ஷூரன்ஸ், அரிசி போக மிச்சத்தை விரல்ல எண்ணிடலாம். மொத செமஸ்டர்லயே ஒரு மொபைல் ஆப் கோர்ஸ் எடுத்துத் தொலைச்சேன். ஐபோனுக்கு ஆப் எழுதணும். அதுக்கு எக்ஸ்கோட் வேணும். எக்ஸ்கோட் மேக் ஓஎஸ்ல மட்டும்தான் ஓடும். மேக்புக் ஏர் ஆயிரம் யூரோவுக்கு மேல. லேப்ல மேக் இருக்கு, ஆனா சாயங்காலம் பூட்டிருவாங்க, எனக்கோ சாயங்காலத்துக்கு அப்புறம்தான் மூளை ஸ்டார்ட் ஆகும். கையில இருந்ததோ 240 யூரோவுக்கு செகண்ட் ஹேண்ட்ல வாங்கின இந்த டி480 தான்.

இதுல எப்படி மேக் ஓஎஸ் ஓடும்னு கேட்டா, 2005 ஜூன்ல ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையேறி இனிமே மேக்ல இன்டெல் சிப்தான்னு அறிவிச்சார். 2006 ஜனவரியில முதல் இன்டெல் மேக் வந்துச்சு. இன்டெல் மேக்குக்கும் சாதா லேப்டாப்புக்கும் உள்ளே இருக்கிற சாமான் கிட்டத்தட்ட ஒண்ணுதான். வித்தியாசம், மேக் தன் மதர்போர்டுல எஸ்எம்சின்னு ஒரு சிப்பைத் தேடும். அதுக்குள்ள ஒளிச்சு வெச்சிருக்கிற ரெண்டு சாவியைப் படிச்சாத்தான் ஃபைண்டர், டாக் மாதிரி முக்கியமான சமாச்சாரங்களோட பூட்டு திறக்கும். இந்த வேலையைப் பாக்கிற டிரைவரோட பேரே "டோன்ட் ஸ்டீல் மேக் ஓஎஸ் எக்ஸ்". திருடாதேன்னு வாசல்லயே போர்டு மாட்டியிருக்காங்க :-) நம்ம லேப்டாப்ல அந்த சிப் இல்ல. வெர்ச்சுவல்எஸ்எம்சின்னு ஒரு கெக்ஸ்ட் அந்த சிப் மாதிரி நடிக்கும். கெக்ஸ்ட்னா மேக்கோட டிரைவர், அவ்வளவுதான்.

நியாய அநியாயமும் சொல்லிடறேன். ஆப்பிள் லைசென்ஸ்ல இந்த ஓஎஸ் ஆப்பிள் பேர் போட்ட மெஷின்ல மட்டும்தான் போடலாம்னு தெளிவா இருக்கு. சைஸ்டார்னு ஒரு அமெரிக்க கம்பெனி 2008ல இதையே கடை போட்டு வித்தாங்க. ஆப்பிள் கேஸ் போட்டு, 2009ல கோர்ட் கடையை மூட வெச்சிருச்சு. நான் விக்கல, படிக்கத்தான் போட்டேன்னு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன். அது சமாதானம் மட்டும்தான்னும் தெரியும்.

சரி, மேட்டருக்கு வருவோம்.

இப்ப இதுக்கெல்லாம் ஓப்பன்கோர்னு ஒரு பூட்லோடர் இருக்கு. மெஷின் ஆன் ஆனதும் அது முதல்ல எழுந்து, மேக் ஓஎஸ் காதுல "பயப்படாதே, நீ ஒரு மேக்புக் ப்ரோவுக்குள்ளதான் இருக்கே"ன்னு சொல்லிட்டு ஒதுங்கிக்கும். அது சொல்ற பொய் எல்லாம் ஈஎஃப்ஐங்கிற ஒரு ஃபோல்டர்ல இருக்கும்: கொஞ்சம் கெக்ஸ்ட், கொஞ்சம் ஏசிபிஐ ஃபைல், எல்லாத்தையும் கட்டி மேய்க்க கான்ஃபிக் பிளிஸ்ட்னு ஒரு நீளமான ஃபைல். முறைப்படி இதை நம்ம மெஷினுக்கு நாமேதான் உக்காந்து தயார் பண்ணணும். நான் என்ன பண்ணேன்? யாரோ ஒரு புண்ணியவான் தன்னோட டி480எஸ் மாடலுக்குப் பண்ணி வெச்சிருந்த ஃபோல்டரை அப்படியே இறக்கினேன். டி480, டி480எஸ், ஒரு எழுத்துதானே. அண்ணன் சட்டை தம்பிக்குப் போடாதா?

போட்டுச்சு சாமி! அன்னிக்கு ராத்திரி ஒரு மணிக்கு மான்டெரி ஏறிடுச்சு. ஸ்க்ரீன் வந்துச்சு, வைஃபை வந்துச்சு. முதல் வேலையா கீபோர்ட்ல தமிழைச் சேத்து நாலு வரி அடிச்சுப் பாத்தேன். மேக்ல அஞ்சல், தமிழ்99 ரெண்டும் ஓஎஸ் கூடவே வருது. எழுத்துருப் பேர்ல "தமிழ் சங்கம் எம்என்"னு பாக்கிறீங்கல்ல, அந்த எம்என் மலேசியாவோட முத்து நெடுமாறன். ஜெர்மனி ஹாஸ்டல்ல, லெனோவா பெட்டிக்குள்ள, ஆப்பிள் ஓஎஸ்ல, மலேசியத் தமிழர் வரைஞ்ச எழுத்துல "அம்மா"ன்னு அடிச்சப்போ தூக்கம் போயே போச்சு.

ஆனா அம்மாகிட்ட பேச முடியல. மறுநாள் வீடியோ கால்ல, "என்னடா மீன் மாதிரி வாயை மட்டும் அசைக்கிறே?"ன்னாங்க. மைக் வேலை செய்யல. சவுண்ட் சிப்போட மாடல் ஒண்ணா இருந்தாலும், ஸ்பீக்கரையும் மைக்கையும் எந்தக் காலுக்கு வயர் இழுத்திருக்காங்கங்கிறது மெஷினுக்கு மெஷின் மாறும். ஆப்பிள்ஏஎல்சிங்கிற கெக்ஸ்ட்ல ஒவ்வொரு வயரிங்குக்கும் ஒரு லேஅவுட் நம்பர் இருக்கு. ஒவ்வொண்ணாப் போட்டு, ரீஸ்டார்ட் பண்ணி, "ஹலோ ஹலோ"ன்னு கத்திப் பாக்கணும். பக்கத்து ரூம் பையன் சுவத்தைத் தட்டின நேரத்துல 11ஆம் நம்பர் ஒத்துக்கிச்சு.

மிச்சம் எல்லாம் ஓடுதுன்னு நம்பிட்டேன். அதுலயும் பேட்டரியைப் பாத்து எனக்கு ஒரே பெருமை. மணிக்கணக்கா வேலை செஞ்சாலும் 100 பர்சென்ட்லயே நிக்குது! மேக் போட்டா பேட்டரி கரண்டே குடிக்காது போலன்னு க்ளாஸ்ல பீத்திக்கிட்டேன். சார்ஜர் பக்கத்துலயே இருக்கிற ஜென்மம்கிறதால அதைச் சோதிச்சும் பாக்கல.

ப்ராஜெக்ட்ல நாங்க மூணு பேர். ஹாஸ்டல் வாஷிங் மெஷின் எப்ப காலின்னு காட்டுற ஆப். மத்த ரெண்டு பேர்கிட்டயும் மேக் இல்ல. டெமோவை லேப் மேக்லயே காட்டலாமேன்னு அந்தப் பொண்ணு ஒரு தடவைக்கு ரெண்டு தடவை கேட்டா. நான்தான் கெத்தா, "வேண்டாம், என் லேப்டாப்லயே காட்டலாம்"னேன்.

2023 ஜனவரி கடைசி. காலையில எட்டு மணிக்கு சார்ஜரை உருவிட்டுக் கிளம்பினேன். 100 பர்சென்ட். சார்ஜரை ரூம்லயே வெச்சுட்டேன், எதுக்குத் தண்டமாச் சுமக்கணும்? க்ளாஸ்ல உக்காந்து கடைசி நேரத் திருத்தம். 100. பத்தரைக்கு எங்க முறை, முன்னாடி டீம் இழுத்துட்டாங்க. பதினொண்ணு. இன்னும் 100. ப்ரொஃபசர் முன்னாடி சிமுலேட்டரை ஓட விட்டேன். அவர் ஏதோ கேள்வி கேட்டார், நான் பதில் சொல்லிட்டு ஓரக்கண்ணால பாத்தா 71. ஒரு ஸ்க்ரீன் தள்ளினேன், 48. நம்ம கண்ணுதான் அவுட்டோன்னு நினைக்கும்போதே ஸ்க்ரீன் இருட்டு. ப்ரொஜெக்டர்ல நீலமா ஒரு "சிக்னல் இல்லை".

அந்த ரூம்ல யாரும் சிரிக்கல. சிரிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும். ப்ரொஃபசர் வாட்சைப் பாத்துட்டு, ரெண்டு வாரம் கழிச்சு இன்னொரு தேதி, அதுலயும் காட்டலைன்னா மூணு பேருக்குமே 5.0ன்னுட்டார். இங்கே 1.0 தான் உச்சம், 5.0ன்னா ஃபெயில். வெளிய வந்து அந்தப் பொண்ணு ஒரு வார்த்தை திட்டல. பஸ் டைம் ஆச்சுன்னு கிளம்பிட்டா. இன்னொருத்தன் ஜாக்கெட் ஜிப்பையே பாத்துக்கிட்டு நின்னான். நான் பண்ணின வேலைக்கு அவங்க மார்க் போகுதுங்கிறது அப்பத்தான் உறைச்சுது.

ராத்திரி அந்த ஃபோல்டரை வரி வரியாத் தோண்டினேன். விஷயம் சிம்பிள். என் டி480ல ரெண்டு பேட்டரி: உள்ளே ஒண்ணு, பின்னாடி கழட்டி மாட்டுறது ஒண்ணு. டி480எஸ்ல ஒண்ணே ஒண்ணு. அந்த புண்ணியவான், ரெண்டாவது பேட்டரின்னு எதுவும் கிடையாதுன்னு சொல்ற சின்ன ஏசிபிஐ ஃபைல் ஒண்ணை உள்ளே வெச்சிருந்தார். அவர் மெஷினுக்கு அது சத்தியமான உண்மை. என் மெஷின் முதல்ல பின்னாடி பேட்டரியைத்தான் குடிக்கும், அது தீந்த பிறகு உள்ளே இருக்கிறதுக்கு வரும். மேக் கண்ணுக்கு உள்ளே இருக்கிறது மட்டும்தான் தெரியும். அதனால பின்னாடி பேட்டரி காலியாகிற வரைக்கும் அசையாம 100. உள்ளே இருந்ததோ ஐந்தாறு வருஷக் கிழம், எக்ஸ்கோட் பாரத்துல பத்து நிமிஷத்துல மண்டையைப் போட்டுருச்சு. விண்டோஸ்ல ஒரு தடவை பூட் பண்ணிப் பாத்திருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும்.

ஒரு ஃபைலை அழிச்சா போதும், சரியாயிடும். ஆனா எனக்கு அந்த ஃபோல்டர் மேல இருந்த நம்பிக்கையே போயிருச்சு. இன்னும் எத்தனை அடுத்தவன் உண்மை இதுக்குள்ள இருக்கோ? மொத்தத்தையும் அழிச்சுட்டு ஒண்ணுல இருந்து ஆரம்பிச்சேன். ரூல் ஒண்ணே ஒண்ணு: எதுக்குன்னு எனக்கே சொல்லத் தெரியாத எதுவும் உள்ளே போகக்கூடாது.

கிராஃபிக்ஸ்ல ஆரம்பிச்சேன். என் சிப் யுஹெச்டி 620, அதோட அடையாள நம்பர் 5917. ஆப்பிள் அந்த நம்பர்ல மேக் போட்டதே இல்ல, அதனால டிரைவருக்கு இவனைத் தெரியாது. ஆனா கிட்டத்தட்ட அதே சிப்பான ஹெச்டி 620ஓட நம்பர் 5916, அவனைத் தெரியும். கான்ஃபிக்ல 5916ன்னு எழுதினா கதவு திறந்துரும். ரேஷன் கார்டுல இனிஷியல் மாறிப் போனவங்களுக்கு இந்த வேதனை புரியும். ஒரு எழுத்து, அவ்வளவுதான். அது இல்லாட்டி ஸ்க்ரீன் வரும், ஆனா ஜன்னலை நகத்தினா ஜவ்வு மாதிரி இழுக்கும்.

ஸ்க்ரீன் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க பிஎன்எல்எஃப்னு ஒரு பொய்யான பேக்லைட் சாதனத்தை ஏசிபிஐல சேக்கணும். டச்பேடுக்கு வூடூஆர்எம்ஐ. அது வந்ததும் மூணு விரலால தள்ளினா அப்படியே மேக் மாதிரி வழுக்குது, நடுவுல இருக்கிற சிவப்புக் குமிழும் வேலை செய்யுது. இதெல்லாம் ஒரு சாயங்கால வேலை.

பேட்டரிக்குத்தான் மூணு நாள் ஆச்சு. அதுல கத்துக்கிட்டதுதான் இன்னிக்கு வரைக்கும் உதவுது, கொஞ்சம் விளக்கமாவே சொல்றேன். லேப்டாப்ல எம்பெடட் கண்ட்ரோலர்னு ஒரு குட்டி சிப் இருக்கு, அபார்ட்மெண்ட் வாட்ச்மேன் மாதிரி. பேட்டரி, ஃபேன், மூடி திறந்திருக்கா மூடியிருக்கா எல்லாம் அவருக்குத்தான் தெரியும். ஓஎஸ் அவர்கிட்ட நேரடியாப் பேசாது, பயாஸ் எழுதி வெச்சிருக்கிற ஏசிபிஐ டேபிள்தான் நடுவுல நிக்கிற மொழிபெயர்ப்பாளர். அந்த டேபிள்ல பேட்டரி அளவெல்லாம் 16 பிட் நம்பரா இருக்கு. மேக்கோட டிரைவர் வாட்ச்மேன்கிட்ட இருந்து ஒரு தடவைக்கு 8 பிட் மட்டும்தான் வாங்கும். 8 பிட்ல 255க்கு மேல எண்ணவே முடியாது, பேட்டரியில மிச்சம் இருக்கிறதோ ஆயிரக்கணக்குல. அதனால ஒண்ணு 0 காட்டும், இல்லாட்டி பேட்டரியே இல்லைன்னு கைவிரிக்கும்.

அந்தக் காலத்துல ஆளுங்க என்ன பண்ணுவாங்கன்னா, டேபிளையே வெளிய எடுத்து, ஒவ்வொரு 16 பிட் நம்பரையும் ரெண்டு 8 பிட்டா வெட்டி, படிக்கிற இடத்துல எல்லாம் திரும்ப ஒட்டி... தையல் கடைதான். இப்ப ஈசிஎனேப்ளர்னு ஒரு கெக்ஸ்ட், பெரிய நம்பரைத் தானே துண்டு துண்டா வாங்கிச் சேத்துக் கொடுத்துரும். அதைப் போட்டா போதும். ஆனா நான் முதல்ல பழைய முறையில என் கையாலேயே வெட்டி ஒட்டிப் பாத்தேன். ரெண்டு நாள் தண்டம்னு சொல்லலாம். அந்த ரெண்டு நாள்லதான் என் லேப்டாப் எப்படிப் பேசுதுன்னு முதல் தடவையா காதுல விழுந்துச்சு. மூணாவது நாள் ரெண்டு பேட்டரியும் தனித்தனியா, சரியான நம்பரோட வந்துச்சு. உள்ளே இருந்த கிழத்தோட உண்மையான நிலைமையைப் பாத்து, புதுசு ஒண்ணு வாங்கி நாலஞ்சு ஸ்க்ரூவைக் கழட்டி மாத்தினேன். (பத்தி பேருக்கு ஏத்த மாதிரி ஸ்க்ரூடிரைவர் வந்துருச்சு, பாத்துக்கோங்க.)

அடுத்த பூதம் தூக்கம். மூடியை மூடினா தூங்கும், ரெண்டே செகண்ட்ல தானா முழிச்சுக்கும். பையில வெச்சா இட்லிப் பானை மாதிரி கொதிக்கும். காரணம் யுஎஸ்பி. வெளிய தெரியற ஓட்டை நாலு, ஆனா கேமரா, ப்ளூடூத், கைரேகை எல்லாமே உள்ளுக்குள்ள யுஎஸ்பியிலதான் தொங்குது. யுஎஸ்பி 3 ஓட்டை ஒண்ணை மேக் ரெண்டா எண்ணும், ஒரு கண்ட்ரோலருக்கு 15க்கு மேல ஏத்துக்காது. அதனால எது எந்த போர்ட்னு ஒவ்வொண்ணா பென்டிரைவ் சொருகிப் பாத்து ஒரு வரைபடம் எழுதணும். என் வரைபடத்துல ப்ளூடூத்தை உள் போர்ட்னு குறிக்காம வெளி போர்ட்னு விட்டுட்டேன். அதைத் திருத்தி, யுஎஸ்பி எழுப்பி விடற சிக்னலையும் ஒரு சின்ன ஏசிபிஐ ஃபைலால வாயடைச்சேன். காலையில மூடியைத் திறந்தா, ராத்திரி விட்ட இடத்துல அப்படியே இருக்கு. அந்த சந்தோஷம் குழந்தையைத் தூங்க வெச்சவங்களுக்குத்தான் புரியும்னு அக்கா சொன்னா.

கைரேகை ரீடர் வரவே வராது, அதுல மண்டையை உடைக்காதீங்க. டச் ஐடி ஆப்பிளோட தனி பாதுகாப்பு சிப்பை நம்பி இருக்கு. இன்டெல் வைஃபை கார்டுல ஏர்டிராப்பும் கிடையாது.

சரி, அந்த ரெண்டாவது டெமோ? லேப் மேக்லதான் காட்டினோம். அந்த ரெண்டு பேரும் கேட்டாங்க, நான் மறு பேச்சு பேசல. என் லேப்டாப்பும் சார்ஜரும் பையிலயே இருந்துச்சு, ரெண்டு பேட்டரியும் நிறைய. 2.3 வந்துச்சு. அந்தப் பொண்ணு அதுக்கப்புறம் என்னோட இன்னொரு ப்ராஜெக்ட் பண்ணவே இல்ல. கேட்டேன், வேற டீம் இருக்குன்னுட்டா.

இப்ப தம்பி கதைக்கு வரேன். முதல்ல அவன்கிட்ட இந்த ரூட்டுக்கு ஆயுசு கம்மின்னு சொன்னேன். ஆப்பிள் 2020 நவம்பர்லயே எம்1க்கு மாறிட்டாங்க. 2025 ஜூன்ல, இன்டெல் மேக்குக்கு டஹோதான் கடைசி ஓஎஸ்னு சொல்லிட்டாங்க. ஆப் ஸ்டோர்ல ஏத்தப் புது எக்ஸ்கோட் வேணும், புது எக்ஸ்கோடுக்குப் புது ஓஎஸ் வேணும், அந்தப் புது ஓஎஸ் இன்டெல் பக்கமே திரும்பாது. கோர்ஸ் முடிக்க ஓடும், பொழைப்புக்கு ஓடாது. "கோர்ஸ் முடிஞ்சா போதும்ணா"ன்னான். அதுவும் நியாயம்தான்.

என் ஃபோல்டரைக் கொடுக்கல. அவன் டி490ல பேட்டரி ஒண்ணு, கிராஃபிக்ஸ் சிப்போட நம்பரே வேற. போதாக்குறைக்கு என் ஃபோல்டர்ல நான் உருவாக்கின சீரியல் நம்பர் வேற இருக்கு, அதையே ரெண்டு பேர் வெச்சுக்கிட்டா ஐமெசேஜ் ரெண்டு பேருக்கும் பூட்டிக்கும். ஒரு காலி பென்டிரைவை மட்டும் கொடுத்து, எங்கே ஆரம்பிக்கணும்னு காமிச்சேன். மூஞ்சி சுருங்கிப் போச்சு. அண்ணன் கஞ்சன்னு நினைச்சிருப்பான். விண்டோஸை அழிக்காதே, தனி எஸ்எஸ்டியில போடுன்னு மூணு தடவை சொல்லி அனுப்பினேன்.

ராத்திரி பதினொண்ணே முக்காலுக்கு மெசேஜ்: "அண்ணா ஆப்பிள் லோகோ வந்துருச்சு!!! ஆனா டச்பேட் அசையல."

என்கிட்ட பழைய மவுஸ் ஒண்ணு இருக்கு, காலையில வந்து வாங்கிக்கோன்னு போட்டிருக்கேன். இன்னும் கதவு தட்டற சத்தம் கேக்கல, தூங்கியிருக்க மாட்டான்.

அடுத்த ஞாயிறு பாக்கலாம். வர்ட்டா :-)